எந்த விசுவாசம் நம்மை மீட்கும்?



கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிறிய கோவிலில் ஞாயிறு பூசை முடித்து, உடைகளை மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகும் ஒரு தாய் வாசற்படியில் நின்றார். நாற்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்தவர். விரல் நுனிகளில் தேயிலைக் கறை இன்னும் போகாதவர்.

“சாமி, ஒரு சந்தேகம். எம் மகன் கேக்குறான், ‘அம்மா, நீ இரட்சிக்கப்பட்டியா’ன்னு. நான் என்னத்த சொல்ல?”

மகன் நமது கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவன், புதுநன்மை வாங்கியவன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து லயத்தில் கூடும் செபச் சபையொன்றில் சேர்ந்துவிட்டான். சேர்ந்த பின் குடியை விட்டான். அதை மறைப்பது நியாயமன்று. ஆனால் தாயைக் காணும்போதெல்லாம், செபமாலையும் திருநாளும் கொடியேற்றமும் யாரையும் கரைசேர்க்கா, விசுவாசம் ஒன்றே இரட்சிக்கும், இன்றே ஏற்றுக்கொள் என்று வற்புறுத்துகிறான். தாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அறுவது வருசமா சேசுவேன்னு கூப்பிட்டேனே சாமி, அவருக்குக் கேக்கவே இல்லியா?”

அவசரத்தில் நான் ஞானோபதேச விடையொன்றைச் சொல்லி அனுப்பினேன்: விசுவாசமும் வேண்டும், நற்செயலும் வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள் அம்மா. அவரும் தலையசைத்துப் போனார். சொன்ன விடை தவறன்று. ஆனால் அதன் பொருளை நானே சரிவர உணர்ந்திருக்கவில்லை என்பது பின்னரே தெரிய வந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நம் மலைநாட்டை என்ன பாடு படுத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் மண்ணாகி இறங்கின. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தங்கின. அப்படியொரு பாடசாலையில், வேறு பங்கு மக்கள் அனுப்பிய அரிசியையும் பருப்பையும் பங்கிட உட்கார்ந்தோம். பெயர் எழுதிய இளைஞன் முருகன் கோவில் குடும்பங்களின் பெயர்களை ஒரு கேள்வியுமின்றி எழுதினான். பிறகு தலையை உயர்த்தி, “சாமி, சபை ஆளுங்க பேரையும் எழுதவா? அவங்களுக்கு அவங்க பாஸ்டர் கொண்டாருவாரில்ல?” என்றான்.

நான் மறுக்கவில்லை. “இப்ப விடு, அப்புறம் பாப்போம்” என்றேன். அவ்வளவோடு நிற்காமல், மனத்துக்குள் ஒரு வசனத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நன்மை செய்யுங்கள், சிறப்பாக விசுவாசக் குடும்பத்தாருக்குச் செய்யுங்கள் என்ற கருத்தில் புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதியது (6:10) அது.

முதலில் அழைக்கப்பட்ட பெயர்களுள் அந்தத் தாயின் பெயரும் ஒன்று. அவர் வந்து வாங்கவில்லை. காரணம் கேட்டேன். “அவன் அடுப்பும் என் அடுப்பும் ஒரே செவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுந்தான் சாமி. எம் பக்கம் பொகைஞ்சு அவன் பக்கம் பொகையலேன்னா, நான் எப்புடித் திங்கிறது?” என்றார்.

பட்டியலைத் திருத்தி எழுதினோம். பொதிகள் சற்றுச் சிறுத்தன, வேறொன்றும் நேரவில்லை. ஆனால் என் நெஞ்சில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. விசுவாசத்தைப் பற்றி மகன் கேட்டதற்குக் குருவாகிய நான் சொன்ன மறுமொழியைவிட, ஒரு பொதி அரிசியின் முன் அந்தத் தாய் சொன்ன மறுமொழி வேதத்துக்கு நெருங்கியிருந்தது எப்படி? இதை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

மீட்பு கூலியன்று

முதலில் மகனின் பக்கத்து நியாயத்தை ஏற்றுக்கொள்வோம். மீட்பு கடவுள் தரும் கொடை. நாம் உழைத்துப் பெறும் கூலியன்று. இதைக் கேட்டவுடன், இது பிரிந்த சபையார் போதனையாயிற்றே என்று நம்மவர் பலர் திகைப்பார்கள். அந்தத் திகைப்பே நாம் நம் சொந்தத் திருச்சபையின் போதனையை எவ்வளவு மறந்துவிட்டோம் என்பதைக் காட்டுகிறது.

தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் கூலிக் கணக்கு இரத்தத்தில் ஊறியது. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். இதே கணக்கைக் கோவிலுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். இத்தனை செபமாலை, இத்தனை நவநாள், இத்தனை மெழுகுதிரி. தராசில் நிறை கூடினால் மோட்சம், குறைந்தால் உத்தரிக்கிற ஸ்தலம். ஆண்டவரோ திராட்சைத் தோட்டத்து உவமையில் (மத்தேயு 20) கடைசி மணி வேலைக்காரனுக்கும் முழுப்பேர் போட்டார். அதைக் கண்டு முணுமுணுத்தவர்கள் காலையிலேயே வந்தவர்கள் என்பதை, பரம்பரைக் கத்தோலிக்கர்களாகிய நாம் மறந்துவிடக் கூடாது.

இது புதிய போதனையுமன்று. 529ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஓரஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் அசைவுகூடக் கடவுளின் அருளால்தான் பிறக்கிறது என்று தீர்மானித்தது. 1547 சனவரி 13இல், லூத்தரின் கருத்துகளை எதிர்த்துத் திரிதெந்தீன் சங்கம் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைத்தான் கண்டிக்கிறது. விசுவாசமே மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்றும் அதே சங்கம் போதித்தது.

இருதரப்பாரும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் சபித்த பிறகு, 1999 அக்டோபர் 31இல், ஜேர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவியைத் தந்து உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்தரும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியமும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடுகளும் தீர்ந்துவிட்டன என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நம் தோட்டங்களிலுள்ள பெந்தேகொஸ்தே சபைகள் அதில் பங்குகொண்டவையுமல்ல. ஆயினும் மீட்பு கொடை என்பதில் அந்த மகனோடு நமக்குச் சண்டையில்லை. அவன் வேதாகமத்தில் பவுல் என்றிருக்கும், நம் பழைய நூலில் சின்னப்பர் என்றிருக்கும், ஆள் ஒருவரே. அவன் இரட்சிப்பு என்பான், நாம் மீட்பு என்போம், மீட்பரும் ஒருவரே.

வேரும் கொழுந்தும்

அப்படியானால் விசுவாசம் ஒன்றே போதுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். எந்த விசுவாசம் என்று கேட்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

புனித அகுஸ்தீனார் மூவகை விசுவாசத்தை வேறுபடுத்திக் காட்டுவார். கடவுள் இருக்கிறார் என்று நம்புவது ஒன்று. கடவுள் சொல்வது உண்மையென்று நம்புவது மற்றொன்று. கடவுளை நம்பி, அன்பால் அவரை நாடி, அவரோடு ஒட்டிக்கொள்வது மூன்றாவது. முதலிரண்டும் பேய்களுக்கும் உண்டு. கடவுள் ஒருவரே என்று பேய்களும் விசுவசித்து நடுங்குகின்றன என்று யாகப்பர் தம் திருமுகத்தில் (2:19) குத்திக்காட்டுவது இதைத்தான். மூன்றாவதே மீட்கும் விசுவாசம். அது அன்பிலிருந்து பிரிக்க முடியாதது.

சின்னப்பரும் யாகப்பரும் முரண்படுகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்கிறார் ஒருவர் (உரோமையர் 3:28). விசுவாசத்தால் மட்டுமல்ல, செயல்களாலும் என்கிறார் மற்றவர் (யாகப்பர் 2:24). இருவரும் வெவ்வேறு நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். தன் சாதனையைக் கடவுள் முன் விரித்துக் காட்டுகிறவனுக்கு எழுதுகிறார் சின்னப்பர். வாயால் விசுவசித்துக் கையை மூடிக்கொள்கிறவனுக்கு எழுதுகிறார் யாகப்பர். அதே சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதும்போது, அன்பின் வழியாகச் செயலாற்றும் விசுவாசமே பயனுள்ளது என்கிறார் (5:6). மலைகளைப் பெயர்க்கும் விசுவாசமிருந்தும் அன்பில்லையேல் தான் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 13:2). மலை பெயர்ந்ததைக் கண்ணால் கண்ட நமக்கு இந்த வசனம் வேறு விதமாக உறைக்கிறது.

திரிதெந்தீன் சங்கம் விசுவாசத்தை வேர் என்றது எனக் கண்டோம். தேயிலைச் செடியை அறிந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். இலையெல்லாம் போய்ச் செடி மொட்டையாக நிற்கும். வேர் உயிரோடிருக்கிறதா என்பதைக் கொழுந்து துளிர்ப்பதைக் கொண்டுதான் அறிகிறோம். நற்செயல் விசுவாசத்தின் அடையாளம் என்று சொல்லி இங்கேயே பலர் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கவ்வாத்துக்கு முன் சில வாரங்கள் கொழுந்தெடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பது எதற்காக? இலைகள் வெயிலில் சமைத்த உணவு வேரில் மாச்சத்தாகச் சேர்வதற்காக. அந்தச் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது மறுபடி துளிர்க்காமல் பட்டுப்போகும். ஆக, வேர் இலைக்கு உயிர் கொடுக்கிறது. இலை வேருக்கு உணவு கொடுக்கிறது.

கத்தோலிக்கப் போதனை இதுதான். அன்புச் செயல்கள் விசுவாசத்தின் விலையுமல்ல, வெறும் விளம்பரப் பலகையுமல்ல. அருள் என்னும் வேரிலிருந்து பிறந்து, அந்த வேரையே வளர்க்கும் இலைகள் அவை. அன்பு செய்யாத விசுவாசம் தன் உணவைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நல்ல காலத்தில் அது தெரியாது. கவ்வாத்துக் கத்தி விழும் நாளில் தெரியும்.

சகோதரன் யார்?

இப்போது அருளப்பரின் முதல் திருமுகத்தைத் திறப்போம் (3:14). சாவிலிருந்து வாழ்வுக்கு நாம் கடந்து வந்துவிட்டோம் என்பதை எதனால் அறிகிறோம்? இன்ன தேதியில் இன்ன கூட்டத்தில் கையுயர்த்தினேன் என்பதால் அல்ல. இன்ன பங்கேட்டில் என் பெயர் உள்ளது என்பதாலும் அல்ல. சகோதரர்களை அன்பு செய்வதால் அறிகிறோம் என்கிறார் அவர். அடுத்த சில வரிகளில், உலகச் செல்வமுள்ளவன் தன் சகோதரனின் குறையைக் கண்டும் மனமிரங்காவிட்டால் கடவுளன்பு அவனுள் எப்படி நிலைக்கும் என்று கேட்கிறார் (3:17). மகன் தாயிடம் கேட்ட கேள்விக்குத் திருத்தூதர் வைத்த அளவுகோல் இது.

இந்த வசனத்தில் சகோதரர்கள் என்பது முதற்பொருளில் சக விசுவாசிகளைக் குறிக்கிறது. இங்கே அறிவுள்ள வாசகர் ஒருவர் தடை எழுப்பலாம். கிறிஸ்தவன் எல்லாரையும் அன்பு செய்ய வேண்டியவனல்லவா? சக விசுவாசியை முன்னிறுத்துவது ஒருவகைச் சாதியபிமானம் ஆகாதா? தன் சகோதரருக்கு மட்டும் வணக்கம் சொல்வதில் என்ன மேன்மை என்று ஆண்டவரே மலைப்பொழிவில் (மத்தேயு 5:47) கேட்டிருக்கிறாரே?

நியாயமான தடை. நான் அந்தப் பாடசாலையில் செய்த பிழையும் இதுவே. ‘சிறப்பாக’ என்ற சொல்லை வேலியாக்கிக்கொண்டேன். ஆனால் உற்றுக் கவனியுங்கள். முருகனை வணங்கும் குடும்பங்களை எழுத நாங்கள் தயங்கவில்லை. தயங்கியது கிறிஸ்துவின் பெயரைச் சொல்லும் குடும்பங்களை எழுதத்தான். இது விந்தையன்று. அந்நியனை நேசிப்பது ஒரு விதத்தில் எளிது. அவன் நம்மை எதுவும் கேட்பதில்லை, நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதும் குறைவு. நம்மைவிட்டுப் போனவனை நேசிப்பது கடினம், அவன் போனதே நம்மீது ஒரு குற்றச்சாட்டாக நிற்பதால். அடுத்த லயத்தில் தன் வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு நம் கோவிலைத் தாண்டி நடப்பவனைப் பார்க்கும்போது வரும் எரிச்சல், தொலைதூரத்து எந்த மதத்தவன்மேலும் வருவதில்லை. சகோதரனை நேசியுங்கள் என்று அருளப்பர் வற்புறுத்தியது அது எளிது என்பதாலன்று. அங்கேதான் நம் அன்பு பொய்யா மெய்யா என்று வெளிப்படும் என்பதாலேயே வற்புறுத்தினார்.

அந்த மகன் நமக்குச் சகோதரனா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21இல் வெளியிட்ட ஒன்றிப்பு ஏடு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஞானஸ்நானத்தில் விசுவாசத்தால் நீதிமானாக்கப்பட்டவர்கள் கிறிஸ்துவின் உடலில் இணைக்கப்பட்டவர்கள். கிறிஸ்தவர் என்ற பெயருக்கு உரிமையுள்ளவர்கள். அவர்களை ஆண்டவரில் சகோதரர்களாகக் கத்தோலிக்கர் ஏற்கவேண்டும் என்று அது போதிக்கிறது. அதற்காக எல்லாச் சபையும் ஒன்றே, நற்கருணை இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன என்று நான் சொல்லவரவில்லை. ஞானஸ்நானம் ஒருமுறைதான், அவனுக்கு மறுபடி ஆற்றில் முழுக்குக் கொடுத்ததை நாம் ஏற்பதில்லை. அவன் விட்டுப்போனது சிறிய செல்வமுமன்று. ஆனால் ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்று நாம் உண்மையாகவே நம்பினால், நம் தொட்டியில் அவன் பெற்ற ஞானஸ்நானம் இன்னும் அவன்மேல் இருக்கிறது என்பதையும் நம்பியாக வேண்டும். விசுவாசக் குடும்பத்தார் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.

முதலில் வீட்டார், பிறகு எல்லாரும்

‘சிறப்பாக’ என்ற சொல்லை எப்படி வாசிப்பது? நம் தீவின் வரலாற்றிலேயே அதற்கு நல்ல உரை எழுதப்பட்டிருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின், அவர்கள் பிடியிலிருந்த பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் மக்கள் குருவின்றித் தவித்தார்கள். அந்தச் செய்தி கோவாவிலிருந்த ஒரு குருவின் உறக்கத்தைக் கெடுத்தது. கைவிடப்பட்ட சக விசுவாசிகளுக்காக, 1687இல் ஏழைக் கூலியாளைப் போல் வேடமிட்டு அவர் கரையிறங்கினார். அவரே புனித யோசேவ் வாஸ். அவரைத் தேடிப் பிடிக்க முயன்றவர்களும் கிறிஸ்துவை விசுவசித்தவர்களே என்பதை வேதனையோடு நினைவுகொள்ள வேண்டும். அவருக்குக் கடைசியில் புகலிடம் தந்தது பௌத்த மன்னரின் கண்டி இராச்சியம். 1692இல் கண்டிக்கு வந்தவரை முதலில் ஒற்றர் என்று சிறையிட்டார்கள்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் தம் நோயாளிகளைக் காட்டோரங்களில் விட்டுச் சென்றார்கள். வாஸ் அடிகளாரும் அவரோடிருந்த குருவும் அந்த நோயாளிகளைத் தேடிச் சென்று, குடிசை போட்டு, உணவூட்டி, புண் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதத்தான் என்று அவர்கள் கேட்கவில்லை. 1711 சனவரி 16இல் கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 2015 சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவர் வாழ்வின் வரிசையைக் கவனியுங்கள். அவரை இத்தீவுக்கு இழுத்துவந்தது சக விசுவாசிகள்மீது கொண்ட அன்பு. அந்த அன்பு வேலிக்குள் நிற்கவில்லை; பெரியம்மை நாளில் கரையுடைத்து எல்லாரிடமும் பாய்ந்தது. விசுவாசக் குடும்பம் அன்பைப் பழகும் வீடு. வீட்டில் பழகாதவன் ஊரில் செய்யமாட்டான். வீட்டோடு நிறுத்துகிறவன் பழகவே இல்லை.

தொடக்கத் திருச்சபையும் அப்படித்தான் வாழ்ந்தது. கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தேவர்களின் வழிபாட்டை மீட்க முயன்ற உரோமைப் பேரரசன் யூலியான், தன் பெரிய பூசாரி ஒருவருக்கு 362ஆம் ஆண்டளவில் எழுதிய மடலொன்று இன்றும் உள்ளது. இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளைப் பராமரிப்பதோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே, இது நமக்கு வெட்கம் என்று அதில் குறைபடுகிறான். அந்தப் பூசாரி இருந்த நாடு எது தெரியுமா? கலாத்தியா! எந்த மக்களுக்குச் சின்னப்பர் அந்தச் ‘சிறப்பாக’ என்ற சொல்லை எழுதினாரோ, அவர்கள் நாட்டிலேயே மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு பகைவனே அதற்குச் சாட்சி சொல்கிறான்.

நம் கணக்கைப் பார்ப்போம்

பிறர் கணக்கை விட்டு நம் கணக்கைப் பார்ப்போம். பொன் மோதிரமணிந்தவன் வந்தால் நல்ல இருக்கையும், கந்தையணிந்தவன் வந்தால் நிற்கும் இடமும் காட்டுவதை யாகப்பர் தம் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறார். விசுவாசமும் செயலும் என்ற புகழ்பெற்ற பகுதி அதற்குப் பின்னர்தான் வருகிறது. கோவிலுக்குள் சகோதரனை எங்கே உட்காரவைத்தோம் என்பதே அவருக்கு விசுவாசத்தின் முதற் சோதனை.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தில் இந்தச் சோதனையில் நாம் தோற்றிருக்கிறோம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து இரு நடைகளாக ஒரு கோவிலையே 19ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். அந்தப் பிரிவுச் சுவரை இடிக்க 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சுவர் இடிந்தது, நெஞ்சிலும் இடிந்ததா? நம் தோட்டக் கோவில்களில் சுவர் கட்டியதில்லை என்று பெருமைப்படலாம். ஆனால் திருநாளில் சுரூபம் தூக்கும் தோள் யாருடையது, பெண் கொடுக்கும்போது விசாரிப்பது ஞானஸ்நானத்தையா வேறொன்றையா, உத்தியோகத்தர் வீட்டுச் சாவுக்குப் போகும் கூட்டம் கடைசி லயத்துச் சாவுக்கும் போகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

இத்தீவுத் திருச்சபை முழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்பட விடப்பட்டது. அந்த எண்ணிக்கைகளுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தார்கள். ஒரே அப்பத்தை உண்டவர்களில் ஒரு சாரார் நாடற்றவராகியபோது, மறுசாரார் எத்தனை பேருக்கு அன்று தொண்டை அடைத்தது? குரல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தோட்ட மக்களுக்காக உழைத்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! மௌனமாக இருந்தவர்களும் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றிச் சொல்லித்தான் இருப்பார்கள்.

வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டில் (எண் 14) நம்மைப் போன்றவர்களை நோக்கியே ஒரு கடினமான எச்சரிக்கை விடுக்கிறது. திருச்சபையில் சேர்ந்திருந்தும் அன்பில் நிலைத்திராதவன் உடலால் உள்ளே இருந்தாலும் உள்ளத்தால் வெளியே இருக்கிறான். அவன் மீட்படைவதில்லை என்கிறது. யார் வெளியே போய்விட்டார்கள் என்று கணக்கெடுப்பதற்கு முன், நாம் உள்ளே இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கை இது.

தாய்க்கு என் மறுமொழி

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது மறுமொழி சொல்கிறேன். அன்று அவசரப்பட்டதற்காக என்னை மன்னியுங்கள்.

மகன் மறுபடி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “ஆமாம் தம்பி, மீட்கப்பட்டேன். ஆண்டவர் சிலுவையில் இறந்தபோதும், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதும் மீட்கப்பட்டேன். இப்பவும் மீட்கப்பட்டுக்கிட்டு இருக்கேன். கடைசியில மீட்கப்படுவேன்னு நம்பிக்கையோட இருக்கேன்.” இந்த மூன்று காலங்களும் சின்னப்பரின் எழுத்திலேயே உள்ளன (உரோமையர் 8:24, 1 கொரிந்தியர் 1:18, உரோமையர் 5:9). நான் கரைசேர்ந்துவிட்டேன் என்று மார்தட்டுவதும் தவறு. கரைசேர்வேனோ என்று நடுங்கிச் சாவதும் தவறு. இரண்டுக்கும் நடுவே நம்பிக்கை என்னும் புண்ணியம் இருக்கிறது. அறுபது ஆண்டுகள் நீங்கள் கூப்பிட்டது ஆண்டவருக்குக் கேட்டது. கேட்டதால்தான், அன்று பொதியை வாங்காமல் நிற்கும் மனத்தை உங்களுக்குத் தந்தார். அது உங்கள் சொந்தப் பெருமையன்று, அவர் அருள். அதே வேளையில் அது உங்கள் செயலும்தான்.

மகனுக்கும் ஒரு சொல். தம்பி, நீ குடியை விட்டதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம். ஆனால் செபமாலை பிடிக்கும் உன் தாயின் விசுவாசத்தை அளக்க உனக்கு அருளப்பர் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். அதை உன் வேதாகமத்திலேயே எடுத்துப் பார். அளந்த பிறகு, அதே கோலால் உன்னையும் அளந்துகொள். நானும் என்னை அளந்துகொண்டேன், குறைவாயிருந்தது.

வாசகர்களே, இந்தக் கிழமை ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்வோமாக. நம்மைவிட்டுப் பிரிந்துபோன ஒரு வீட்டின் இஸ்தோப்பில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து வருவோம். வாதாட வேண்டாம், திருப்பி அழைக்கவும் வேண்டாம். அவர்கள் தரும் தேத்தண்ணியை வாங்கிக் குடிப்போம். அவர்கள் வீட்டில் நோயுண்டா, பிள்ளை பரீட்சை எழுதுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரிப்போம். “சபைக்காரன்” என்ற ஏளனச் சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்து அகற்றுவோம். மற்றதை வேரைத் தந்தவர் பார்த்துக்கொள்வார்.

லயத்தில் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அடுப்பு புகைகிறதா என்று கேட்கத் தெரியாத விசுவாசம், இந்தப் பக்கம் எத்தனை மெழுகுதிரி ஏற்றினாலும், நம்மை மீட்கும் விசுவாசம் ஆகாது.